அப்பவே சொன்னவர்

ஒஸ்லோவில் பனி கொட்டி நிலத்தடி ரயில் நின்றுபோன காலைகளில், அவரோடு ஒரே நடைமேடையில் நின்றவர்களுக்கு அந்த வசனம் மனப்பாடமாக இருக்கும். இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, வராத ரயிலின் திசையைப் பார்த்து, யாரும் கேட்காமலே சொல்வார்: "நான் அப்பவே சொன்னனான்."

எப்போது சொன்னார், யாரிடம் சொன்னார் என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால் சொல்வார். இடம், கிழமை, பக்கத்தில் நின்றவர் பெயர் எல்லாம் சொல்வார். பக்கத்தில் நின்றவர் பெரும்பாலும் நீங்களாகவே இருப்பீர்கள்.

ஒருமுறை நகரத்தின் எல்லிங்ஸ்ருட் பகுதியில், எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்களின் வீடொன்றில் ஒரு கலியாணம் முறிந்தது. சாதகம் கொண்டுவந்து, இரண்டு பக்கமும் பேசி, தாலி கட்டும்போது முன்வரிசையில் நின்றவர் அவர்தான். முறிந்த பிறகு பெண்ணின் தகப்பனிடம் போய், "நான் அப்பவே சொன்னனான், இந்தப் பெடியன் சரிவரான் எண்டு" என்றார். நான் பக்கத்தில் இருந்தேன். தகப்பன் முதலில் அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினார். "ஓம், நீங்கள் சொன்னனீங்கள்தான். நாங்கள்தான் கேக்கேல்லை." அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நான் சிரித்துக்கொண்டு போனேன். சிரித்திருக்கக் கூடாது.

பள்ளிக்கூடங்களில் எங்கள் பிள்ளைகளுக்குத் தாய்மொழி படிப்பிப்பது அவருடைய தொழில். எழுதுவது அவருடைய அந்தஸ்து. எங்கள் ஆட்கள் அவரை 'ஆய்வாளர்' என்பார்கள். என்ன ஆய்வு என்று கேட்ட ஒருவரை நான் கண்டதில்லை. நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே நம் வசனத்தை எடுத்துத் திருத்தி நம்மிடமே திருப்பித் தருவார். திருத்திய வசனம் எப்போதும் நம்முடையதைவிட நன்றாக இருக்கும். அதுதான் ஆபத்து.

என்னைப் பற்றியும் இரண்டு வரி சொல்ல வேண்டும். நான் இந்த நகரத்தின் ஒரு பகுதி நிர்வாக அலுவலகத்தில் உதவித்தொகை விண்ணப்பங்களைப் பார்த்து ஓய்வுபெற்றவன். முதல் பக்கத்தில் ஒரு தேதியும் நான்காம் பக்கத்தில் இன்னொரு தேதியும் இருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. மேன்முறையீட்டுக்கு எத்தனை நாள், எந்தக் கடிதத்துக்கு எத்தனை பிரதி, யார் கையெழுத்து வைத்தால் செல்லும் என்றெல்லாம் தெரிந்த மனிதனை எந்தச் சமூகமும் ஒரே வேலைக்குத்தான் எடுக்கும். பதினொரு வருடம் நான் எங்கள் சங்கத்தின் செயலாளர். சங்கத்தின் யாப்பை, அதாவது அதன் விதிகளை, எழுதியவனும் நானே. அதில் எனக்குப் பெருமையான ஒரு விதி இருந்தது. ஒரேயொரு உறுப்பினர் கேட்டால்கூட வாக்கெடுப்பைக் கடதாசியில், இரகசியமாக நடத்த வேண்டும்.

அந்தப் போர்க்காலத்தில் ஊரில் இயக்கம்தான் அரசாங்கம். நீதிமன்றம், பொலீஸ், வானொலி, பள்ளிப் பிள்ளைகளைப் படைக்குச் சேர்க்கும் முகாம், ஒருவர் அந்தப் பிரதேசத்தை விட்டு வெளியே போகலாமா என்று தீர்மானித்துப் பாஸ் கொடுக்கும் கந்தோர், எல்லாம் அதுவே. ஒஸ்லோவில் அதற்குக் கந்தோர் தேவைப்படவில்லை. எங்கள் எல்லோருக்கும் ஊரில் ஒரு தாயோ ஒரு தம்பியோ இருந்தார்கள். சங்கத்தை இயக்கத்தின் ஆட்கள் பிடித்தது துப்பாக்கியால் அல்ல, என் யாப்பால். உறுப்பினராவதற்கான கடைசி நாளில் புதுப் பெயர்களின் நீண்ட பட்டியல் ஒன்று வந்தது. வருடாந்தக் கூட்டத்தில் அந்தப் பட்டியலின் கைகள் உயர்ந்தன. நான் சரிபார்த்தேன். நடைமுறையில் ஒரு பிழையும் இல்லை.

ஆய்வாளர் அவர்களுக்குச் சொற்களைக் கொடுத்தார். எங்கள் மாதச் சஞ்சிகையில் தன் பெயரில் ஒரு கட்டுரை, புனைபெயரில் இன்னொன்று, இரண்டையும் பாராட்டி மூன்றாவது பெயரில் ஒரு வாசகர் கடிதம். "இந்த நேரத்தில் ஐயப்படுபவன் எதிரிக்கு முன்னரே வந்து சேர்ந்தவன்" என்று எழுதினார். அழகான வசனம். அதை வாசித்த பிறகு நான் தொலைபேசியில் பேசும்போதும் யோசித்துப் பேசத் தொடங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர், ஒஸ்லோவின் அம்மருட் பகுதியில் குடியிருந்தவர், சத்தமாகப் பேசத் தெரியாதவர். பிள்ளைகளை வகுப்பு நேரத்தில் இயக்கத்தின் ஊர்வலத்துக்குக் கொடி பிடிக்க விட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அடுத்த சனிக்கிழமை விசேட பொதுக்கூட்டம் கூட்டப்பட்டது. வாத்தியாரைப் பள்ளியிலிருந்தும் சங்கத்திலிருந்தும் நீக்கும் தீர்மானம். அதை எழுதியவர் ஆய்வாளர்.

கூட்டத்துக்கு முதல் நாள், ஒஸ்லோவில் இருந்த இயக்கத்தின் பிரதிநிதி என் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார்.

"செயலாளர், அம்மாவின்ரை கண் எப்பிடி?"

"பரவாயில்லை."

"கொழும்புக்குப் போகப் பாஸ் கேட்டு எழுதிக் குடுத்திருக்கிறா போலை கிடக்கு."

"ஓம்."

"யோசியாதேங்கோ. நாளைக்கு வாங்கோ."

அவ்வளவுதான். குரலில் ஒரு மிரட்டலும் இல்லை. அப்படி ஒரு பேச்சை முறைப்பாடாக எழுதினால் எந்தப் பொலீஸ் நிலையமும் ஏற்காது. முறைப்பாடு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியும்.

மண்டபத்தில் அறுபது பேரளவில் இருந்தார்கள். அவர் தீர்மானத்தை எழுந்து நின்று வாசித்தார். வாத்தியாருக்கு ஒரு நிமிடம் கொடுத்தார்கள். வாத்தியார் எழுந்து, முன்னால் இருந்த கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நான் இஞ்சை பதினாலு வயசுப் பிள்ளையளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கிறன். அதே வயசுப் பிள்ளையள் அங்கை எங்கை நிக்கினம்? எனக்கு அதை மட்டும் சொல்லுங்கோ." சொல்லிவிட்டு உட்கார்ந்தார். யாரோ இருமினார்கள்.

மேசையில் கூட்டறிக்கை எழுதிக்கொண்டிருந்த என் பக்கம் ஆய்வாளர் குனிந்தார். என்னை அவர் 'ஐசே' என்றுதான் கூப்பிடுவார். "ஐசே, ஏகமனதாக எண்டு போடும்."

அப்போது இன்னும் ஒரு கைகூட உயர்ந்திருக்கவில்லை. பிறகு உயர்ந்தன. என் வலக்கையில் பேனை இருந்ததால் நான் இடக்கையை உயர்த்தினேன். இரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்று ஒரு வசனம் போதும். அது அங்கே என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. நான் வாயைத் திறக்கவில்லை. கூட்டறிக்கையின் அடியில் இரண்டு பேர் கையெழுத்து வைக்க வேண்டும். அவர் வைத்தார், அவருக்குக் கீழே நான் வைத்தேன்.

தீர்மானம் ஆய்வாளரின் கட்டுரையோடு சஞ்சிகையில் வந்தது. அதில் வாத்தியாரின் பெயர் இருந்தது, அவருடைய சொந்த ஊரின் பெயரும் இருந்தது. ஊரின் பெயர் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. ஒரு மாதத்தில் விளங்கியது. அந்த ஊரில் இருந்த வாத்தியாரின் தம்பியை இயக்கத்தின் ஆட்கள் விசாரணைக்கு என்று கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பி வரவில்லை. இங்கே தேவாலயத்தில் வாத்தியார் குடும்பம் உட்காரும் வாங்குப் பலகையில் பிறகு வேறு ஒருவரும் உட்காரவில்லை. அடுத்த வருடம் அவர்கள் வடக்கே ஹம்மர்பெஸ்ட்டுக்குப் போனார்கள். வாத்தியார் அங்கே மீன் தொழிற்சாலையில் வேலை செய்து அங்கேயே செத்துப்போனார்.

என் அம்மாவுக்குப் பாஸ் கிடைத்தது. கொழும்பில் கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று நான் ஒருநாளும் விசாரிக்கவில்லை. விசாரிக்கும் முறை எனக்குத் தெரியாத ஒரே விடயம் அதுதான்.

பிறகு இயக்கம் வீழ்ந்தது. எத்தனையோ சனம் அதோடு அழிந்தது. ஒரு பனிக்காலம் முழுக்க ஆய்வாளர் ஒன்றும் பேசவில்லை, எழுதவில்லை. வசந்தத்தில் என் வீட்டு மணியை அடித்தார்.

"ஐசே, உம்மடை நிலவறையிலை பழைய சஞ்சிகை முழுக்க இருக்குத்தானே? ஒரு ஆய்வுக்குத் தேவைப்படுது."

கொடுத்தேன். மூன்று கிழமையில் அதே பெட்டியில், அதே ஒழுங்கில் திரும்பி வந்தன. நான் பக்க எண்களைப் பார்க்கிற மனிதன் என்பதை அவர் மறந்திருக்க வேண்டும்.

"அண்ணை, இதிலை முப்பதாம் பக்கத்துக்குப் பிறகு முப்பத்தஞ்சாம் பக்கம் வருது."

"அப்பத்தையான் அச்சு அப்பிடித்தான். நான் அப்பவே சொன்னனான், அந்த அச்சகம் சரியில்லை எண்டு."

காணாமல் போனவை தீர்மானமும் அவருடைய கட்டுரையும் வந்த பக்கங்கள். சவர அலகால் வெட்டிய விளிம்பு அவ்வளவு நேராக இருந்தது. நான் பெட்டியை மூடி வைத்தேன். எங்கள் ஆட்களில் வேறு யாரும் அந்தச் சஞ்சிகைகளைச் சேர்த்து வைத்திருக்கவில்லை. பயத்தில் பலர் எப்போதோ வீசிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நோர்வேஜிய ஆராய்ச்சியாளர்கள் அவரைக் கருத்தரங்குகளுக்கு அழைக்கத் தொடங்கினார்கள். அழைப்பிதழில் 'உள்ளிருந்து எழுந்த விமர்சனக் குரல்' என்று போட்டிருந்தது. பிறகு அவருடைய புத்தகம் வந்தது. ஒரு பிரதியைத் தானே கொண்டுவந்து, கையெழுத்து வைத்து, ஒரு பக்கத்தில் கடதாசித் துண்டு வைத்துத் தந்தார். அந்தப் பக்கத்தில் இப்படி இருந்தது: "அன்று அந்த மண்டபத்தில் கை உயர்த்தாதவர்கள் இருவர். ஒருவன் நான். மற்றவர், எழுதிக்கொண்டிருந்த பேனையைக் கீழே வைக்காத எங்கள் செயலாளர்."

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கவனமாக வைத்தேன்.

"அண்ணை, தீர்மானத்தை வாசிச்சதே நீங்கள்."

"வாசிக்கிறது வேறை, கை உயர்த்துறது வேறை. என்ரை கையிலை கடதாசி. உம்மடை கையிலை பேனை. எந்தக் கையை உயர்த்துறது?"

"இடக்கை இருந்தது."

"நீர் இடக்கையை உயர்த்தினதை ஆர் கண்டது? அந்த நேரம் ஒருத்தரும் ஒருத்தரையும் பாக்கேல்லை, ஐசே."

அது உண்மை. ஒருவரும் பார்க்கவில்லை.

"நான் உம்மை விட்டிட்டுத் தனியத் தப்பியிருக்கலாம்" என்றார். குரலில் உண்மையான அன்பு இருந்தது. "அப்பிடிச் செய்யேல்லை. அதை யோசியும்."

யோசித்தேன். மறுப்பதென்றால் கூட்டறிக்கையைக் காட்ட வேண்டும். கூட்டறிக்கையில் அவருடைய கையெழுத்து இருக்கிறது. அதற்குக் கீழே இருப்பது என்னுடையது.

வெளியீட்டு விழாவில் அரை மண்டபம் பழைய ஆட்கள். கருத்துரை நேரத்தில் ஒருவர் எழுந்தார்: "எனக்கும் அண்டைக்கு மனம் ஒப்பேல்லை." இன்னொருவர், கார் பிழையான இடத்தில் நின்றதால் வாக்கெடுப்பின்போது வெளியே போனதாகச் சொன்னார். மூன்றாமவர் கையைத் தோள்வரைக்கும்தான் உயர்த்தினாராம். அவர்கள் சொல்லச் சொல்ல நான் மனதுக்குள் கழித்துக்கொண்டே வந்தேன். விழா முடியும்போது, அந்தத் தீர்மானத்துக்குக் கை உயர்த்தியவர்கள் என்று செத்துப்போன ஆட்கள் மட்டும் மிஞ்சினார்கள். முன்னாள் பிரதிநிதி பின்வரிசையில் இருந்து கைதட்டினார். நானும் தட்டினேன்.

பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. முந்திய பயத்துக்கு ஒரு முகமும் ஒரு தொலைபேசிக் குரலும் இருந்தன. இதற்கு ஒன்றும் இல்லை. ஒருநாள் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தேன். அன்றைய கூட்டத்தில் என் இடக்கை உயராமல் மேசையில் கிடந்தது ஞாபகம் வந்தது. விரல்களுக்கு அடியில் மேசைவிரிப்பின் பிளாஸ்டிக் குளிர்ச்சிகூட ஞாபகம் வந்தது. வாயில் நுரையோடு நிலவறைக்கு ஓடி, கூட்டறிக்கையை எடுத்துப் பார்த்தேன். "ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது." என் கையைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. யாருடைய கையைப் பற்றியும் இல்லை. அந்தச் சொல்லைப் போட்டவன் நான். அது எல்லோரையும் மறைத்திருந்தது.

கடைசியாக அவரை வைத்தியசாலையில் பார்த்தேன். மெலிந்து, மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். கூட்டத்தைப் பற்றித் தானாகவே தொடங்கினார். புத்தகத்தில் இல்லாத ஒரு காட்சி வந்தது. கூட்டம் முடிந்து, உடுப்புக் கொளுவும் இடத்தில் வாத்தியார் அவருடைய கையைப் பிடித்து அழுதாராம். "நீங்கள் ஒராள் எண்டாலும் இருந்தியளே" என்றாராம். அதைச் சொல்லும்போது அவருடைய கண்ணில் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. நான் முப்பது வருடமாகப் பொய் விண்ணப்பங்களை வாசித்தவன். பொய் சொல்கிறவரின் கண் நம்மைக் கவனித்துக்கொண்டிருக்கும். இவருடைய கண் என்னைக் கவனிக்கவில்லை. அங்கே படுத்திருந்தவர் பொய் சொல்லவில்லை, தான் சொன்னதை நம்பினார். அதைக் கண்டதும் ஏதோ சாட்டுச் சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

அவர் இறந்து இரண்டு மாதத்துக்குப் பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், வாத்தியாரின் மனைவி என் வீட்டுக்கு வந்தார். ஹம்மர்பெஸ்ட்டை விட்டு இப்போது அம்மருட்டில் மகளோடு இருக்கிறாராம். கையில் பயத்தம் பணியாரம் வைத்த ஒரு தகரப் பேணி. நான் கோட்டை வாங்கிக் கொளுவியில் மாட்டினேன்.

"அண்ணை, புத்தகம் எனக்குப் பிந்தித்தான் கிடைச்சது. அவரிட்டை ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டிட்டன். செத்த வீட்டிலை பெட்டியைப் பாத்துச் சொல்லுறதே? அதுதான் உங்களிட்டை வந்தனான்."

"இருங்கோ தங்கச்சி."

"என்ரை மனிசன் சாகுமட்டும் ஒண்டைத்தான் சொல்லிக்கொண்டிருந்தவர். அவ்வளவு பேருக்கை ஒருத்தன்கூட இல்லையே எண்டு. ரெண்டு பேர் இருந்திருக்கிறியள். தெரிஞ்சிருந்தா அந்த மனிசன் கொஞ்சம் நிம்மதியாப் போயிருக்கும்."

நான் பேணியை வாங்கி மேசையில் வைத்தேன்.

"ஞாயிற்றுக்கிழமை இவருக்குப் பூசை குடுக்கிறம். பிறகு வீட்டை வாங்கோ. பிள்ளையளுக்கு நீங்கள் வாயாலை ஒருக்காச் சொல்லவேணும். தகப்பனை ஊரே கைவிட்டதெண்டு நினைச்சுக்கொண்டு வளந்ததுகள்."

மிகச் சுலபமான காரியம். நான்கு வசனம் சொன்னால் போதும், யாருக்கும் நட்டமில்லை, மூன்று பிள்ளைகளுக்கு ஆறுதல். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளைகளின் முன்னால் நான் அதைச் சொன்னால், திங்கட்கிழமை அது நடந்ததாகிவிடும். எனக்கும்தான். அந்தத் திங்கட்கிழமையை நினைக்க எனக்கு வியர்த்தது. எழுந்து போய்க் கூட்டறிக்கையை எடுத்துவந்து அவர் முன்னால் விரித்து வைத்தேன்.

அவர் கண்ணாடியைப் போட்டு, விரலை வைத்து, ஒவ்வொரு வரியாக வாசித்தார்.

"இது அவரின்ரை கையெழுத்தோ?"

"ஓம்."

"இது?"

"என்ரை."

"அப்ப புத்தகத்திலை கிடக்கிறது?"

"நடக்கேல்லை. ரெண்டு பேரும் கை உயர்த்தினனாங்கள்."

கீழே யாரோ குழந்தை வண்டியைப் படியில் இழுத்து ஏற்றும் சத்தம் கேட்டது. அவர் அழவில்லை, ஏசவில்லை. பக்கத்தைத் திருப்பிப் பின்புறம் பார்த்தார். வெறுமையாக இருந்தது. திரும்பவும் முன்புறம் பார்த்தார்.

"இவர் அண்டைக்கு ஒண்டும் கதைக்கேல்லையே? இதிலை ஒண்டையும் காணேல்லை."

"கதைச்சவர். நான்தான் எழுதேல்லை."

"என்ன கதைச்சவர்?"

நான் சொன்னேன். கதிரையின் முதுகைப் பிடித்தது, பதினாலு வயதுப் பிள்ளைகள், அவர்கள் அங்கே எங்கே என்று கேட்டது, சொல்லிவிட்டு உட்கார்ந்தது, எல்லாவற்றையும் ஒரு சொல் குறையாமல் சொன்னேன். கேட்கக் கேட்க அவருடைய உதடுகள் அந்தச் சொற்களைக் கூடவே சொல்லிப் பார்த்தன. ஒரு கணம் முகம் இளகியது. கணவரின் குரலைக் கேட்டுவிட்டவர் போல இருந்தார். பிறகு முகம் மெல்ல மெல்ல மூடிக்கொண்டது. எழுந்துபோய்க் கொளுவியிலிருந்து கோட்டை எடுத்தார்.

"அண்ணை, இது இவர் அண்டைக்குக் கேட்டதோ, இல்லாட்டி நீங்கள் இப்ப சொல்லுறதோ?"

"கேட்டவர்தான், தங்கச்சி."

"புத்தகத்திலை அவரும் இப்பிடித்தானே எழுதினவர். கண்ணாலை கண்ட மாதிரி."

சொல்லிவிட்டு அவர் போகவில்லை. கோட்டைப் போடாமல் கையில் வைத்துக்கொண்டு, கதவடியில், என் முகத்தைப் பார்த்தபடி நின்றார். அவருக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது. நம்புவதற்கு அவர் தயாராகவே இருந்தார், ஏதாவது ஒன்றைக் காட்டினால் போதும். என்னிடம் காட்ட ஒன்றும் இருக்கவில்லை.